ஃபேனை நிறுத்துங்க, அத்தை!

எங்கள் வீட்டு ஹாலில் ஒரு ஃபேன் இருக்கிறது. ஐந்தாம் நம்பரில் வைத்தால் கிர்ர்ர் என்று ஒரு முனகலோடு ஓடும். மார்கழிக் குளிரிலும் அது நிற்காது. நிறுத்த அம்மா விடமாட்டார்.

"போர்வையைப் போத்திக்கிட்டு ஃபேன் காத்துல உட்கார்ற ஒரே ஆள் இந்தத் திருச்சியிலேயே நீதாம்மா" என்று நான் கத்தாத நாளில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் பில் வரும்போது என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்ல மாட்டார். அவருக்கும் சேர்த்து நானே சொல்லிவிடுவேன்.

இந்த வாரம் சொல்லப்போவது அந்த ஃபேன் கதைதான். ஆனால், அதை எனக்குக் காட்டிக்கொடுத்தது என் அண்ணன் மகள். சென்னையில் விஸ்காம் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எங்கள் எல்லோருக்கும் அவள் பாப்பா. பொங்கல் லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், கரும்பு கடிக்க வரவில்லை. பையில் ஒரு ஹெட்போன், ஒரு குட்டி ஸ்டாண்டு, இரண்டு போன்களோடு வந்து இறங்கினாள்.

"அத்தை, காலேஜ்ல ஒரு அசைன்மென்ட். மூணு நிமிஷப் படம். ஒரே வீடு, ஒரே ஆள், ஒரே மூடு. வசனம் ஒரு வரிகூட இருக்கக் கூடாது. பார்க்கிறவங்களுக்கு அந்த உணர்வு வரணும்."

"என்ன உணர்வு?"

"சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. எனக்கு வந்தது 'காத்திருப்பு'."

ஆள் யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. ஜன்னலோரம், போர்வைக்குள், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார் அவளுடைய அப்பாயி.

அப்பா போய்ப் பத்து மாதம் ஆகிறது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடைசி இரண்டு வருடம் நுரையீரல் சரியில்லாமல், ஆஸ்பத்திரி பக்கமாக இருக்கட்டும் என்று அம்மாவும் அவரும் என் வீட்டில்தான் இருந்தார்கள்.

முதல் நாளே பாப்பா படத்தை எடுத்து முடித்துவிட்டாள். கறுப்பு வெள்ளை ஃபில்டர். அப்பாயி ஸ்லோமோஷனில் திரும்புகிறார். ஸ்லோமோஷனில் கண்ணாடியைக் கழற்றுகிறார். பின்னால் ஏதோ ஒரு ஆப்பிலிருந்து எடுத்த சோக வயலின். எனக்குக் கண் கலங்கிவிட்டது. "சூப்பர்டி பாப்பா" என்றேன்.

அவளுடைய மேடத்துக்கு அனுப்பினாள். ராத்திரியே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது. பாப்பா ஸ்பீக்கரில் போட்டாள். "மியூசிக்கை மியூட் பண்ணிட்டுப் பாரும்மா. படத்துல என்ன மிச்சம் இருக்குன்னு எனக்குச் சொல்லு." அவ்வளவுதான்.

மியூட் செய்து பார்த்தோம். ஒரு வயசான அம்மா திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். அவ்வளவே. டியூப் லைட் வெளிச்சத்தில் முகம் தட்டையாக, பாஸ்போர்ட் போட்டோ மாதிரி இருந்தது. யாருக்காகவும் அவர் காத்திருக்கவில்லை. என் கண் கலங்கியது வயலினுக்காக என்று அப்போதுதான் புரிந்தது.

பாப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக அவள் டியூப் லைட்டை அணைத்தாள். "மேல இருந்து ஒரே சீரா வெளிச்சம் விழுந்தா முகத்துல நிழலே இருக்காது அத்தை. நிழல் இல்லைன்னா மூடும் இல்லை" என்றாள். அப்பாயியின் நாற்காலியை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டாள். பாதி முகத்தில் வெளிச்சம், பாதி முகத்தில் நிழல். அம்மாவின் நெற்றிச் சுருக்கம், கன்னத்துக் குழி எல்லாம் புதிதாக முளைத்ததுபோல் தெரிந்தன.

போனில் ஒரு சின்ன வித்தையும் காட்டினாள். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் வெளிச்சமும் ஃபோகஸும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பிறகு விரலைக் கீழே இழுத்தால் படம் கொஞ்சம் இருட்டாகும். "போன் எல்லாத்தையும் பளிச்சுன்னு காட்டத்தான் பார்க்கும். எது தெரியணும், எது தெரிய வேண்டாம்னு நாமதான் சொல்லணும்."

பாலுமகேந்திராவின் 'வீடு' படத்தை (1988) அவளுக்குக் கல்லூரியில் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு மூன்றையும் அவரே செய்த படம். பெரும்பாலும் ஜன்னலும் வாசலும் கொடுக்கிற வெளிச்சம்தான். பாதி கட்டிய வீட்டை அந்தத் தாத்தா வந்து பார்க்கிற காட்சி நினைவிருக்கிறதா? பெரிதாக யாரும் எதுவும் பேச மாட்டார்கள். ஆனாலும் நமக்குத் தொண்டை அடைக்கும்.

நிறத்துக்கும் கணக்கு உண்டாம். பழைய குண்டு பல்பின் மஞ்சள் 2,700 கெல்வின் அளவில் இருக்கும். நண்பகல் வெயில் 5,500 வாக்கில். மஞ்சள் வெளிச்சம் நமக்கு அடுப்படி, விளக்கு, வீடு என்று நெருக்கமாகப் படும். நீலம் கலந்த விடிகாலை வெளிச்சம் ஆளைத் தனியாக்கும். அதனால் காலை ஆறே காலுக்கு அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். கையில் சுடச்சுடக் காபி கொடுத்திருந்ததால் அம்மாவும் ஒத்துழைத்தார்.

அடுத்து, கேமரா எங்கே இருக்க வேண்டும் என்பது. முதல் படத்தில் அவள் நின்றுகொண்டே எடுத்திருந்தாள். மேலிருந்து பார்த்தால் உட்கார்ந்திருப்பவர் பரிதாபமாகத் தெரிவார். "அப்பாயியை நான் பரிதாபமாக் காட்டிட்டேன் அத்தை. அவங்க அப்படிப்பட்ட ஆளா?" என்றாள். இல்லவே இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் ஊரைக் கூட்டுகிறவர். இந்த முறை பாப்பா தரையில் சம்மணம் போட்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அப்பாயியின் கண் மட்டத்துக்குப் போனைப் பிடித்தாள். பிறகு அடுப்படிக்குள் போய், கதவு நிலை வழியாகத் தூரத்திலிருந்து ஒரு ஷாட். இருட்டான நிலைச் சட்டத்துக்கு நடுவில், ஜன்னல் வெளிச்சத்தில், சின்னதாக அம்மா. அதைப் பார்த்தபோது வயலின் இல்லாமலேயே எனக்கு என்னவோ செய்தது.

"இப்போ ஒரு மேஜிக் பாருங்க" என்று மாமாவையும் கூப்பிட்டாள். அம்மா சும்மா எதையோ பார்த்துக்கொண்டிருக்கிற ஒரே ஒரு முகம். அதற்குப் பின்னால் பொங்கல் பானை பொங்குகிற ஷாட்டை ஒட்டினாள். "அத்தைக்குப் பசி வந்துருச்சு போல" என்றார் என் வீட்டுக்காரர். அதே முகத்துக்குப் பின்னால் எதிர்வீட்டுக் கைக்குழந்தை. "என்ன பிரியமாப் பார்க்கிறாங்க!" அதே முகம், பின்னால் அப்பாவின் காலி ஈஸிசேர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மூன்றும் ஒரே முகம் என்று சொன்னபோது நம்பவே இல்லை. சுமார் நூறு வருடங்களுக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற இயக்குநர் செய்து பார்த்த சோதனை இது. ஒரு நடிகரின் சலனமில்லாத முகத்தோடு சூப் கிண்ணம், சவப்பெட்டி, ஒரு பெண் என்று மாற்றி மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் பசி, துக்கம், ஆசை என்று ஒவ்வொன்றையும் தாங்களே அந்த முகத்தில் கண்டுபிடித்தார்கள். முகத்தில் பாதிதான் இருக்கிறது, மீதியைப் பார்க்கிறவர் கொண்டு வருகிறார்.

மதியம் சத்தத்துக்கு வந்தாள். அதில்தான் அம்மாவுக்கும் உற்சாகம் பிறந்தது.

"அப்பாயி, மழைச் சத்தம் வேணும். மழைக்கு எங்க போறது?"

"அப்பளம் பொரி" என்றார் அம்மா, யோசிக்கவே இல்லாமல். வாணலியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் அப்பளத்தைப் போட்டோம். பாப்பா போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பதிவு செய்தாள். ஹெட்போனில் கேட்டால், ஓட்டு வீட்டுக் கூரையில் ஐப்பசி மழை! அம்மா சின்ன வயதில் வானொலி நாடகப் பைத்தியம். "குதிரை வருதுன்னா ரெண்டு கொட்டாங்குச்சி. இப்படித் தட்டுவாங்க" என்று சாப்பாட்டு மேஜையிலேயே டக்டக் டக்டக் என்று தட்டிக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டால் வீட்டுக்குள் குதிரை ஓடியது.

சினிமாவில் இப்படிச் சத்தம் செய்கிற கலைக்கு 'ஃபோலி' என்று பெயர். 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது, ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோவில் காலடிச் சத்தம், துணிச் சத்தமெல்லாம் உண்டாக்கிக் கொடுத்த ஜாக் ஃபோலி என்பவரின் பெயர் அது. இன்றும் நாம் தியேட்டரில் கேட்கிற வளையல் ஓசையும் செருப்புச் சத்தமும் பெரும்பாலும் இப்படித் தனியாகச் செய்து சேர்த்தவைதான்.

"அப்ப மியூசிக்கே தப்பா?" என்று கேட்டேன். இல்லையாம். எதற்கு, எங்கே என்பதுதான் விஷயமாம். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வயலின்களைக் கீச்சிட வைத்துப் போட்டுக் காட்டியதும் மனதை மாற்றிக்கொண்டார். 'ஜாஸ்' (1975) படத்தில் இயந்திரச் சுறா கடல் தண்ணீரில் அடிக்கடி பழுதாகிக்கொண்டே இருந்தது. அதனால் சுறாவை அதிகம் காட்ட முடியவில்லை. ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரங்கள் சுறா வருவதைச் சொல்லின. கண்ணுக்குத் தெரியாத சுறாதான் ஜனங்களைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

இன்னொன்று சொன்னாள், அதுதான் என் மனதில் நின்றது. சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' (1955). ஊரிலிருந்து திரும்பும் அப்பா, மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கு வாங்கிய புடவையை எடுத்துக் காட்டுகிறார். அம்மா உடைந்து அழுகிறாள். ஆனால் அழுகைச் சத்தம் நமக்குக் கேட்காது. அவள் வாய் திறக்கும்போது தார் ஷெனாய் என்ற வாத்தியம்தான் கதறும். இசை ரவிசங்கர். அழுகையைக் கேட்க விடாமல் செய்ததால்தான் அது காதை விட்டுப் போவதே இல்லை.

அம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "நானும் உங்க தாத்தாவும் 'உதிரிப்பூக்கள்' பார்த்தோம் கண்ணு. கடைசியில அந்த ஆளு ஆத்துக்குள்ள நடந்து போவானே... தியேட்டர்ல ஒருத்தர் மூச்சு விடலை. வெளிய வந்து வீடு வர்ற வரைக்கும் தாத்தா பேசவே இல்லை" என்றார். அப்பா போன பிறகு அம்மா அவரைப் பற்றித் தானாகப் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சாயந்திரம் பாப்பா சொன்னாள்: "இனி ரூம் டோன் மட்டும் எடுத்துட்டா முடிஞ்சுது."

"அது என்னடி?"

"சும்மா இருக்கிற ரூமோட சத்தம் அத்தை. எந்த ரூமும் ஊமை கிடையாது. கடிகாரம், தெருவுல வண்டி, பக்கத்து வீட்டு மிக்ஸி... இதெல்லாம் அடியில ஓடிக்கிட்டே இருக்கும். நமக்குப் பழகிட்டதால கேட்காது. ஷாட்டை வெட்டி ஒட்டும்போது நடுவுல சத்தமே இல்லாமப் போனா, போன் கட்டான மாதிரி இருக்கும். அதனால எந்த இடத்துல எடுத்தாலும் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் எல்லாரும் அசையாம நின்னு, அந்த இடத்தோட அமைதியைப் பதிவு பண்ணிக்கணும்."

டிவியை அணைத்தோம். ஃப்ரிட்ஜை அணைத்தாள். அணைத்த கையோடு என் ஸ்கூட்டர் சாவியை எடுத்து, மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஃப்ரிட்ஜுக்குள் வைத்தாள். "ஷூட்டிங்ல இப்படித்தான் செய்வாங்க. மறுபடி ஆன் பண்ண மறந்துட்டாலும், வண்டி எடுக்கப் போகும்போது சாவியைத் தேடி ஃப்ரிட்ஜைத் திறப்போம்ல?" என்றாள். நாங்கள் சிரித்தோம்.

பிறகு போனை மேஜை மேல் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு சொன்னாள்: "ஃபேனை நிறுத்துங்க, அத்தை!"

நிறுத்தினேன். இறக்கைகள் மெதுவாகி, மெதுவாகி, ஒரு கடைசி 'டக்'கோடு நின்றன.

ஒரு பதினைந்து நொடி இருக்கும். நாற்காலி கிறீச்சிட்டது. அம்மா போர்வையை உதறிவிட்டு எழுந்தார். ஒரு வார்த்தை பேசாமல், விடுவிடுவென்று அடுப்படியைத் தாண்டிக் கொல்லைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு நிமிஷம் உட்கார முடியாதாம்மா? குழந்தை படிப்பு விஷயம்! அப்படி என்ன ஃபேன் பைத்தியம் உனக்கு?" என்று கொல்லைக் கதவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினேன். பதில் இல்லை. பாப்பா ஹெட்போனைக் கழற்றி, "விடுங்க அத்தை" என்று தானே எழுந்து போய் ஃபேன் சுவிட்சைப் போட்டாள்.

ராத்திரி அப்பாயியும் பேத்தியும் ஹாலில் படுத்திருந்தார்கள். தண்ணீர் குடிக்க வந்த நான், இருட்டில் பேச்சுச் சத்தம் கேட்டு நின்றேன்.

"கோபமா அப்பாயி?"

"உம்மேல என்னத்துக்குக் கண்ணு கோபம்?"

"அப்புறம் ஏன் எந்திரிச்சுப் போனே?"

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும்தான் ஓடியது. பிறகு அம்மா சொன்னார்.

"தாத்தாவுக்கு அந்த ஆக்சிஜன் மெஷினு இருந்துச்சுல்ல. ராப்பகலா ஓடும். கிர்ருனு ஒரு சத்தம், நடுவுல புஸ்ஸுனு ஒரு மூச்சு. அது ஓடுதுன்னா அவரு இருக்காருன்னு அர்த்தம். கரண்ட் போயி அது நின்னுச்சுன்னா நான் எந்திரிச்சு ஓடிப்போயி சிலிண்டர மாட்டணும். ரெண்டு வருஷம் அப்படித்தான் தூங்கினேன். சத்தம் இருந்தாத்தான் தூக்கம். சத்தம் நின்னா முழிப்பு. இப்ப அது இல்லை. ஆனா இந்தக் காதுக்குத் தெரியலையே கண்ணு. வீடு கம்முனு ஆனா எந்திரிச்சு ஓடணும்னு காலு பரபரங்குது. ஓடி எங்க போறது?"

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதே நிலை. அதன் வழியாகத்தான் பாப்பா அந்த ஷாட்டை எடுத்தாள்.

பத்து மாதத்துக்கு முன்னால், அந்த விடியற்காலையில், டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் தலையசைத்ததும், அந்த மெஷினை அணைத்தது நான்தான். ஏதோ ஒரு வேலை செய்ய வேண்டுமே என்று செய்தேன். அந்த அமைதி அம்மாவுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. அடுத்த அறையில் படுத்து அதே சத்தத்தை இரண்டு வருடம் கேட்டவள்தான் நானும். எனக்கு ஃபேன் சத்தத்தில் கரண்ட் பில் மட்டும்தான் கேட்டது.

மறுநாள் பாப்பா என் போனில் பழைய வீடியோக்களைத் தேடினாள். அப்பாவின் கடைசிப் பிறந்தநாளுக்கு நான் எடுத்தது ஒன்று கிடைத்தது. அப்பா மூக்கில் டியூபோடு கேக் வெட்டுகிறார். அடியில், தெளிவாக, அந்த மெஷின் சத்தம். கிர்ர்ர்... புஸ்.

அவள் முகத்தைப் பார்த்தேன். படமெடுக்கிறவளுக்கு இது தங்கச் சுரங்கம் என்று எனக்கே புரிந்தது. ஃபேன் சத்தத்திலிருந்து மெல்ல இந்தச் சத்தத்துக்கு மாறினால் போதும், பார்க்கிறவர்கள் அழாமல் இருக்க முடியாது. ஆனால் அவள் நேராக அப்பாயியிடம் போனாள். ஹெட்போனை அவர் காதில் வைத்து, "கேளு அப்பாயி. இதை வச்சுக்கட்டுமா? நீ சரின்னு சொன்னாத்தான்" என்றாள்.

அம்மா கேட்டார். வீடியோ முடிந்ததும் மறுபடி போடச் சொல்லிக் கேட்டார். மூன்றாவது முறையும் கேட்டார். பிறகு ஹெட்போனைத் தானே கழற்றிக் கொடுத்தார்.

"இது என் காதுல இருக்கட்டும் கண்ணு. ஊருக்கு வேணாம்."

"சரி அப்பாயி" என்றாள் பாப்பா. அவ்வளவுதான் பேச்சு. ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை. அந்த மூன்று நாளில் அவள் கற்றுக்கொண்டதில் மிகப் பெரியது அதுதான் என்று நினைக்கிறேன்.

படத்தை மறுபடி எடுத்தாள். இந்த முறை அப்பாயி முன்னால் ஒரு தடவைகூட ஃபேனை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை அம்மா கோயிலுக்குப் போன நேரத்தில் ரூம் டோனையும், ஃபேன் சுற்றி நிற்பதையும் எடுத்துக்கொண்டாள். அம்மா நிமிர்ந்து மேலே பார்க்கிற முகம் வேண்டுமே? சுவரில் ஒரு பல்லி ஓடியபோது அம்மா பார்த்த பார்வையை எடுத்து வைத்துக்கொண்டாள். குலெஷோவ் கைகொடுத்தார்!

முடித்த படம் இதுதான். முதலில் இருட்டு. ஃபேன் சத்தம் மட்டும் ஐந்து நொடி. படத்துக்கு முன்னால் சத்தம் வந்தால் காது முதலில் வீட்டுக்குள் நுழைந்துவிடுமாம். பிறகு தரையில் சுற்றுகிற நிழல். போர்வைக்குள்ளிருந்து தெரிகிற பாதம். நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருக்கும் விரல்கள். கதவு நிலை வழியாகத் தூரத்தில், நீல வெளிச்சத்தில் அம்மா. வெளியே கேட் கொண்டி சத்தம். யார் என்று காட்டவில்லை. திடீரென்று ஃபேன் மெதுவாகிறது. நிற்கிறது. கடிகாரம். ஒரு காக்கை. எங்கோ தூரத்தில் ரயில். அம்மாவின் முகம் நிமிர்கிறது. அந்த அமைதி இருபது நொடி நீடிக்கிறது. போன் திரையில் இருபது நொடி எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பிறகு மறுபடி ஃபேன் ஓடத் தொடங்குகிறது. விரல்கள் தளர்கின்றன. முடிந்தது. வயலின் இல்லை, கறுப்பு வெள்ளை இல்லை, வசனம் இல்லை.

அந்த மெஷினைப் பற்றித் தெரியாத யாருக்கும் அது ஒரு மின்வெட்டுதான். ஆனாலும் பார்த்த என் வீட்டுக்காரர், "நின்னப்போ நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டேன்" என்றார்.

அம்மாவுக்கும் காட்டினாள். முழுவதும் பார்த்தார். "பொடவை கசங்கிக் கெடக்கு. சொல்லியிருந்தா நல்லதாக் கட்டியிருப்பேன்ல?" என்றார். கொஞ்சம் கழித்து, "அந்தக் கேட்டுல வந்தது யாரு?" என்று கேட்டார். பாப்பா சொன்னாள்: "உனக்கு யாருன்னு தோணுதோ அவங்கதான் அப்பாயி." அம்மா தலையாட்டினார்.

மார்க் இன்னும் வரவில்லை. வந்தால் சொல்கிறேன்.

இப்போது நம் எல்லோர் கையிலும் கேமராவும் மைக்கும் இருக்கின்றன. நீங்கள் படமெடுக்க வேண்டும் என்றுகூட நான் சொல்லவில்லை. ஒரு சாயந்திரம் உங்கள் வீட்டு ஹாலில் போனின் வாய்ஸ் ரெக்கார்டரை ஆன் செய்து மேஜை மேல் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ராத்திரி ஹெட்போனில் போட்டுக் கேட்டுப் பாருங்கள். தினமும் கேட்கிற வீடுதான். ஆனால் யாரோ ஒருவரின் பெருமூச்சு, மாத்திரை அட்டை பிரிக்கிற சத்தம், இரண்டு தடவை கேட் வரைக்கும் போய்த் திரும்புகிற செருப்பு என்று நீங்கள் கவனிக்காத ஏதோ ஒன்று அதில் இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம். பதிவு செய்கிறேன் என்று வீட்டில் இருப்பவர்களிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

பாப்பா ஊருக்குக் கிளம்பிப் போனாள். ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்று அரைமணி நேரம் தேடினேன். வழியனுப்பும் அவசரத்தில் நானே எங்கோ வைத்திருந்தேன். பழக்கத்தில் முதலில் ஃப்ரிட்ஜைத்தான் திறந்து பார்த்தேன்.

அன்று ராத்திரி நல்ல குளிர். படுக்கப் போகும் முன் ஹாலுக்கு வந்தேன். அம்மா போர்வைக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றில் அந்த முனகல் அவ்வளவாக வராது.

நான் ஐந்தில் வைத்துவிட்டு, இன்னொரு போர்வையை எடுத்து வந்து போர்த்திவிட்டேன்.